பருப்பு அவிகிற ஊர்

எங்கள் அத்தான் ஒரு ஊரை நாக்கால் பார்ப்பவர். மற்றவர்கள் வீதியைப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள், அயலட்டை எப்படி என்று விசாரிப்பார்கள். அத்தான் தண்ணீர் கேட்பார். யாழ்ப்பாணத்தில் இது பெரிய விசயமில்லை. ஒரு வளவின் கிணறு கற்கண்டாக இருக்கும், வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறு வாயில் வைக்க முடியாத உவராக இருக்கும். காணி வாங்கப் போகிறவன் உறுதிப் பத்திரத்தைப் படிக்க முன்னம் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பான். அத்தான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். வாழ்க்கையில் ஒரு கிணறும் வெட்டியதில்லை. ஆனாலும் ஊரில் யார் வீடு வாங்கினாலும் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு மிடறு எடுத்து, நாக்கின் அடியில் வைத்து, கண்ணை மூடுவார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தகப்பன் நிற்பது போலக் காணிக்காரன் நிற்பான்.

மொன்றியலுக்கு அகதியாக வந்த பிறகும் அந்த நாக்கு ஓய்வு பெறவில்லை. அக்கா, அத்தான், நான் என்று மூன்று பேரும் பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடு தேடி அலைந்தோம். கிரேக்க வீட்டுக்காரர்கள் ஹீட்டரைத் தட்டிக் காட்டுவார்கள், யன்னலைத் திறந்து மூடிக் காட்டுவார்கள். அத்தான் நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்துவார். இரும்பு மணம் என்று இரண்டு வீடுகளை ஒதுக்கினார். மூன்றாவது, வெளியே வளைந்த இரும்புப் படி வைத்த மூன்றாம் மாடி. "மருந்து மணம் கொஞ்சம் இருக்கு. பழகிடும்," என்றார். நாட்டுக்குள் இருக்க விடுவார்களா என்றே தெரியாத நாட்களில் நாங்கள் தண்ணீர் பார்த்து வீடு எடுத்தோம். அப்போது இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கம். பிறகு நான் ஒன்பது வீடும் நாலு நகரமும் மாறினேன், ஓர் இடத்தில் கால் தரிக்காத ஆள். அந்த ஒன்பதில் ஒன்றுக்குக்கூட அவ்வளவு நல்ல காரணம் என்னிடம் இருந்ததில்லை.

அக்காவின் சிக்கல் வேறு. அவள் ஊரில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். பிழை பொறுக்கமாட்டாள். கல்யாண அழைப்பிதழ் வந்தால் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுத்தான் திகதியைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் இங்கே சட்டைக் கொலர் தைக்கும் தொழிற்சாலையில், பிரெஞ்சும் போர்த்துக்கீசும் கதைக்கும் பெண்களுக்கு நடுவில், நாள் முழுக்க ஒரு சொல் இல்லாமல் குனிந்திருந்தாள். மாலையில் பிரெஞ்சு வகுப்பு. அங்கே மற்றவர்கள் பிழை பிழையாகக் கத்திப் பழகினார்கள். அக்கா ஒரு வசனத்தை மனதுக்குள் எழுதி, திருத்தி, இன்னொருக்கால் திருத்தி முடிக்கும்போது டெபனர் என்கிற மூலைக்கடைக்காரன் அடுத்த ஆளுக்குப் பால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஆகவே வாயை மூடிவிட்டாள். முதலில் வெளியில். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, வீட்டிலும்.

அதுதான் எங்களைப் பயப்படுத்தியது. அத்தான் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னம் என்னிடம் மெல்லக் கேட்பார்.

"தம்பி, கொக்கா இண்டைக்கு எத்தினை சொல்லு கதைச்சவ?"

"நாலு, அத்தான். அதிலை ஒண்டு தும்மல்."

அவர் சிரிக்கமாட்டார். நானும் சொல்லிவிட்டு வருந்துவேன்.

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் ஒரு சனிக்கிழமை அக்கா ஆங்கிலப் பத்திரிகை ஒன்றையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று சின்ன விளம்பரங்களை வெட்டி, நகத்தால் நீவி, வரிசையாக அடுக்கினாள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே சேதி: கிராமத்துக் கடை நடத்தக் கணவன் மனைவி தேவை, மேல்மாடியில் குடியிருக்கலாம்.

"நான் இங்கிலீஷ் ஊருக்குப் போகப்போறன்," என்றாள்.

நாலு சொல். அத்தான் என்னைப் பார்த்தார்.

"இங்கிலீஷ் ஊரெண்டா? லண்டனோ?"

"லண்டன் இல்லை. உங்கை, கியூபெக்குக்குள்ளைதான். இருநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலீஷ்காரர் வந்து குடியேறின ஊருகள். பேரெல்லாம் இங்கிலாந்துப் பேர். சனம் இங்கிலீஷ்தான் கதைக்குமாம். கடையிலை நிண்டா நாள் முழுக்கச் சனம் வரும். வந்தா கதைக்கும். நானும் கதைப்பன்." மூச்சு விட்டாள். "எனக்கு ஒரு இடம் வேணும். வாய் திறக்கிறதுக்கு."

இதற்கு மேல் யார் என்ன சொல்வது? என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. நாலு கை மாறி வந்த ஒரு காரும் இருந்தது, வலப்பக்கக் கதவு திறக்காது. அத்தான் குசினிக்குள் போய், கடலை வெண்ணெய் தீர்ந்த போத்தல் ஒன்றைக் கழுவினார். யாரோ வீட்டு முற்றத்தில் விற்றுத் தள்ளிய சின்னக் காஸ் அடுப்பை எடுத்தார். ஒரு காகிதச் சரையில் மைசூர்ப் பருப்பைச் சுற்றினார்.

"பருப்பு ஏனத்தான்?"

"நாக்கு ஏமாறும், தம்பி. பருப்பு ஏமாறாது. நல்ல தண்ணியெண்டா இருவது நிமிசத்திலை மசியும். கூடாத தண்ணியெண்டா ஒரு மணித்தியாலம் நிண்டாலும் விறைச்சுக்கொண்டு நிக்கும்."

"வெட்கக்கேடு," என்றாள் அக்கா. அந்தச் சொல்லையும் நாங்கள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டோம்.

நான் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. ஆனால் மொன்றியலில் இருந்து தென்கிழக்காக இரண்டு மணி நேரம் போனால், அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், யாரோ இங்கிலாந்தை நாலாக மடித்துக் கொண்டுவந்து விரித்துவிட்டதைப் போல ஒரு நாடு கிடக்கிறது. பச்சைக்குள் பச்சை. சிவப்புச் செங்கல் வீடு, வெள்ளைப் பலகைத் தேவாலயம், அதன் காலடியில் சாய்ந்த கல்லறைகள். மாடுகள்கூடக் கணக்காக இடைவெளி விட்டு நின்றன. ஓர் ஓடைக்கு மேல் கூரை போட்ட மரப்பாலம் வந்தது. அத்தான் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.

"பாலத்துக்கு ஏன் கூரை? தண்ணிக்கு மேலை நிக்கிறதுக்கு மழை பிடிக்கக்கூடாதோ?"

"மரம் உக்காமல் இருக்கத்தான்," என்றாள் அக்கா.

"அப்ப கூரை உக்காதோ?"

அதற்கு அக்கா வழி முழுக்க விடை தேடினாள். நல்ல தொடக்கம்.

முதல் ஊரில் கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்து, நல்ல நாள் என்றாள். அக்கா ஒரு வருடமாக அடைத்து வைத்திருந்த ஆங்கிலத்தின் கதவைத் திறந்து, ஆம், இவ்வளவு தெளிவான வானத்தை இந்தப் பருவத்தில் நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை, ஆயினும் மேற்கே சிறிது மேகம் தெரிகிறது என்று இலக்கணம் வழுவாத நீண்ட வசனம் ஒன்றை அனுப்பினாள். அந்தப் பெண் யோசித்தாள். ஆம் என்றாள். பிறகு ரசீதுக் கட்டை நேராக்கினாள். இரண்டு மணி நேரம் அந்த ஊரில் நின்றோம். ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டார். ஒரு நாய் வாலை ஆட்டியது. ஓர் அம்மா, அழகான நாள், என்றார். அவ்வளவுதான் ஊர். அத்தானுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அதுவும் கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு.

"ஐஸ் போட்டா நாக்கு விறைச்சுப்போம். மறைக்கிறாங்கள்," என்று எனக்கு இரகசியம் சொன்னார். ஐஸ் கரையும் வரைக்கும் காத்திருந்து குடித்தார். துருவின் சுவை. பேச்சும் இல்லை, தண்ணீரும் இல்லை, சண்டை பிடிக்க வேண்டியதில்லை என்று எங்களுக்கு நிம்மதி.

"அவை வெக்கப்படுகினம்," என்றாள் அக்கா காரில். "புது ஆக்களெண்டா அப்பிடித்தான்."

இரண்டாவது ஊருக்கு அன்று பின்னேரமே போனோம். அங்கேதான் வில்லங்கம். கடைக்குப் பின்னால் மலைச்சரிவில் கிணறு. கடைக்காரர் கூச்சப்படுகிற மனிதர், எங்களைத் தனியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தான் ஒரு மிடறு வைத்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை. நான் பயந்துபோனேன்.

"தம்பி," என்றார் கடைசியில். "அடுப்பை எடு."

பதினேழு நிமிசம். கரண்டி பட்டதும் பருப்பு கரைந்தது. உப்பில்லை, மஞ்சளில்லை, வெறும் பருப்பு. ஆளுக்கு ஒரு கரண்டி தின்றோம். அத்தான் கரண்டியை வழித்து நக்கினார். இப்படி ஒரு தண்ணீரைத் தான் ஊரிலும் இரண்டு தரம்தான் கண்டதாகச் சொன்னார். அந்தப் பதினேழு நிமிசத்தில் கடைக்கு ஏழு பேர் வந்து போனார்கள். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு பேரும் பிரெஞ்சு. கடைக்காரரும் அவர்களோடு பிரெஞ்சுதான். அக்கா அவரிடம் கேட்டாள். ஊரில் ஆங்கிலக் குடும்பம் இன்னும் ஆறோ ஏழோ இருக்கும், பிள்ளைகளெல்லாம் ஒன்ராறியோவுக்குப் போய்விட்டார்கள், நானும் அதற்குத்தான் ஆள் தேடுகிறேன் என்றார்.

அக்கா வந்து காரில் ஏறினாள். கதவு திறக்காத பக்கம். சாரதி ஆசனத்தால் ஏறி, கியரைத் தாண்டி, சேலையை இழுத்து, மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு கோபம்.

"தண்ணி அமிர்தமப்பா," என்றார் அத்தான் யன்னலுக்குள் குனிந்து. "ஒருக்கா யோசிச்சுப் பாரும்."

"நான் தண்ணிக்கே வந்தனான்?"

வீடு வரைக்கும் ஒரு சொல் இல்லை.

மூன்றாவது விளம்பரம் தூரத்தில் இருந்தது. ஜூலைக் கடைசியில் கட்டட வேலைக்காரருக்கு விடுமுறை வரும். தையல் தொழிற்சாலையும் அதோடு மூடும். அத்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு கேட்டார். நான் கோப்பை கழுவிய உணவகத்தில் கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டேன். அப்போது எனக்கு அது லீவை விடச் சுலபம். விடிந்ததும் புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டு, பெரிய ஆற்றின் தென்கரையோடு கிழக்கே கிழக்கே போனோம். ஆறு அகன்றது. மறுகரை நீலக் கோடாகி, பிறகு புகையாகி, பிறகு வெறும் எண்ணமாகிவிட்டது. யன்னலைத் திறந்தபோது பாசி மணம் முகத்தில் அடித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினோம்.

"உப்பு," என்றார் அத்தான் இருண்ட முகத்தோடு. "இஞ்சை கிணறு சரிவராது."

ஊர் ஒரு நீண்ட வீதிதான். ஒரு பக்கம் கடல் மாதிரி ஆறு, மறுபக்கம் ஆளுயர வேலிச்செடிக்குப் பின்னால் மரவீடுகள், சின்னச் சின்னத் தேவாலயங்கள், முனையில் ஒரு வெளிச்சவீடு. டென்னிஸ் மட்டையோடு பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். எல்லாரும் ஆங்கிலம்! அதைவிட அதிசயம், எல்லாரும் கதைத்தார்கள். கடைக்குள் நுழைந்து பத்து நிமிசத்துக்குள் அக்காவிடம் நாலு பேர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் தன் மீன் கதையைச் சொன்னார். அக்கா பதில் சொன்னாள். அதற்கு அவர்கள் பதில் சொன்னார்கள். பந்து போலப் போய் வந்தது. கடைக்கார முதியவர், முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காதவர், முக்காலியில் இருந்தபடி, நீங்கள் படிப்பிப்பவரா என்று கேட்டார். அக்கா சிவந்துபோனாள்.

அத்தானும் நானும் கடைக் குழாயில் போத்தலை நிரப்பிக்கொண்டு கரைக்குப் போனோம். கல் அடுக்கி, காற்றுக்கு மறைப்பாகத் துவாயைப் பிடித்து, அடுப்பை மூட்டினோம். இருபது நிமிசம். அரை மணி. முதலில் ஒரு நாய் வந்து பார்த்தது. பிறகு நாயின் பிள்ளைகள், அதாவது நாயை வளர்க்கிற பிள்ளைகள். பிறகு பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவி அம்மா, கைத்தடியைக் கல்லுக்குக் கல் குத்திக்கொண்டு வந்து, அது என்ன சமையல் என்று அத்தானைக் கேட்டார்.

அத்தானுக்கு ஆங்கிலம் கடிதத்தில் மட்டும்தான் வரும். "மேடம், வித் ரெஃபரன்ஸ் டு த வோட்டர்..." என்று தொடங்கி, என்னைப் பார்த்தார். நான் கடைப் பக்கம் பார்த்துக் கத்தினேன்: "அக்கா! ஓடி வாங்கோ!"

அக்கா வந்தாள். நடந்து வந்தவள், கூட்டத்தைப் பார்த்ததும் நடை மாறியது. வகுப்பறைக்குள் நுழைகிற நடை. கரையில் ஒரு தட்டைக் கல்லில் ஏறி நின்றாள். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று தொடங்கினாள். மழை நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்பதை, அதற்கு அடியில் கடல் நிற்பதை, அளவுக்கு மீறி இறைத்தால் கடல் ஏறிக் கிணற்றுக்குள் வருவதை, அதனால்தான் தன் கணவர் எந்த ஊருக்குப் போனாலும் பருப்பு அவித்துப் பார்ப்பதைச் சொன்னாள். கை ஆடியது. புருவம் ஆடியது. கேள்வி இருந்தால் கையை உயர்த்துங்கள் என்றாள். பிள்ளைகள் உயர்த்தினார்கள். வைக்கோல் தொப்பி அம்மாவும் உயர்த்தினார். கடைசியில் கை தட்டினார்கள், நாய் குரைத்தது, அக்கா தலை குனிந்து ஏற்றுக்கொண்டாள். ஊரில் அவள் படிப்பித்த நாட்களுக்குப் பிறகு அந்தக் கைகளை நான் அப்படிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அத்தான் சட்டியைத் திறந்தார். ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிசமும். பருப்பு அப்படியே நின்றது.

"இதிலை ஒரு பருப்பும் அவியாதப்பா. இந்தா, பாரும்."

"அவியாட்டி விடுங்கோ. இதுதான் இடம்."

"என்னெண்டு விடுறது? தேத்தண்ணி கரிக்கும். சவுக்காரம் நுரைக்காது. உம்மடை தலைமயிர் சடை பிடிக்கும்."

"பிடிக்கட்டும். மொட்டை அடிக்கிறன்."

"விசர்க்கதை கதைக்காதையும்!"

"கதைக்கிறன், பாத்தீங்களோ? விசர்க்கதை எண்டாலும் கதைக்கிறன்!"

அத்தான் அவளைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். அலை ஒன்று வந்து கல்லை நனைத்துப் போனது. பிறகு சட்டியைக் கவிழ்த்து, பருப்பைக் கரையில் கொட்டினார். ஒரு கடற்பறவை இறங்கி, ஒரு பருப்பைக் கொத்தி, தலையைச் சரித்து யோசித்து, துப்பிவிட்டுப் பறந்தது.

"சரி," என்றார். "பாணும் நல்ல சாப்பாடுதான். நான் பாண் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன்."

என் அத்தானைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். மனிதர் பாண் என்கிற கடை ரொட்டியைத் தொட்டால் நெஞ்செரிவு வந்து படுப்பவர்.

மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். வைக்கோல் தொப்பி அம்மா அங்கே ஸ்ட்ரோபெரி வாங்கிக்கொண்டு நின்றார். அக்கா நிமிர்ந்து நின்று, நாங்கள் கடையை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று முதியவரிடம் சொன்னாள். அவர் சந்தோசப்படவில்லை. முழங்காலைத் தடவினார்.

"அம்மா, நீங்கள் இந்த ஊரை ஜனவரியில் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. குளிர் எங்களுக்குப் பழகிவிட்டது."

"குளிரைச் சொல்லவில்லை. இந்தச் சனத்தைச் சொல்கிறேன். செப்டெம்பர் முதல் கிழமை யன்னலுக்குப் பலகை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு பனி கரையும் வரை இந்த வீதியில் நானும் என் ரேடியோவும்தான். கடைக்கு வருகிறவர்கள் பின்பக்கத்துத் தோட்டக்காரர்கள், மீன்பிடிகாரர். நல்ல மனிதர்கள். எல்லாரும் பிரெஞ்சு." நல்ல மனிதர் அவரும், ஆள் கிடைத்தால் போதும் என்று மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

அக்காவின் கை கடை மேசையில் இருந்தது. எடுக்கவில்லை.

"போய்விடுவார்கள் என்றால் எங்கே போவார்கள்?"

"எங்கே போவது, என் கண்ணே? வீட்டுக்குத்தான்," என்றார் வைக்கோல் தொப்பி அம்மா. "மொன்றியலுக்கு. நாங்கள் எல்லாரும் மொன்றியல்தானே." தன் வீடு மவுண்ட் ரோயல் டவுனில், அக்காடி வீதியோடு ஒட்டி, வேலிக்கு உள்ளே என்றார். பெட்டியில் இருந்து ஒரு ஸ்ட்ரோபெரியை எடுத்து அக்காவுக்கு நீட்டினார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தவர்களுக்கு அந்த வேலியைத் தெரியும். எங்கள் பக்கம் நெருக்கி அடித்த மாடி வீடுகள், நடுவே அக்காடி வீதி, அந்தப் பக்கம் நெடுக ஒரு கம்பி வேலி, செடி மூடியது. அதற்குள் மரமும் புல்லும் பெரிய வீடுகளும். இடைக்கிடை சின்னப் படலைக் கதவுகள். எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப் போடும்போது தெரிவது அதுதான். மூன்று பேரும் அதைப் பார்த்திருக்கிறோம். வேலி எங்களுக்குப் புதினமில்லை; ஊரில் எல்லாருக்கும் வேலி உண்டு. உள்ளே யார் என்று மட்டும் கேட்டதில்லை.

அக்கா எங்கள் பக்கம் திரும்பி, தமிழில், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"எங்கடை வீட்டுக்கு முன்னாலை. வேலிக்கு அங்காலை."

அத்தான்தான் முதலில் வெடித்தார். அறுநூறு கிலோமீற்றர், புட்டு, காஸ் அடுப்பு, ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிசமும். அவர் உருளைக்கிழங்குச் சாக்கில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஸ்ட்ரோபெரியை முழுதாகத் தின்று முடித்தாள். பிறகு அவர்களுக்கும் ஆங்கிலத்தில் விளக்கினாள். வைக்கோல் தொப்பி அம்மா கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்து, ஒரு பில்லின் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக்கொடுத்தார். செப்டெம்பரில் வா, தேநீர் தருகிறேன், கதைக்கலாம் என்றார்.

கடையை எடுக்கவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க அக்கா என் கார் ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே வந்தாள். இவ்வளவு இன்பமாக நான் திட்டு வாங்கியதில்லை.

ஆனால் ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்தது. கொலர்கள். வகுப்பு. சொற்கள் மறுபடி குறைந்தன. பத்து, ஏழு, ஐந்து. கடற்கரையில் ஒருவர் அன்பாகச் சொல்வது வேறு, வீட்டுக்குள் கூப்பிடுவது வேறு என்று எங்கள் மூவருக்கும் தெரியும். செப்டெம்பர் வந்தது. முதலாம் சனி போனது. அக்கா விலாசத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள், எடுத்தாள், வேறு இடத்தில் வைத்தாள்.

"போங்கோவன், அக்கா."

"கூப்பிட்டவ மறந்திருப்பா. வாசல்லை போய் நிண்டு என்னெண்டு சொல்லுறது? பருப்புக்காரியெண்டோ?"

"அதைச் சொல்லும். அதை யாரும் மறக்கமாட்டினம்," என்றார் அத்தான்.

இரண்டாம் சனி, பின்னேரம் மூன்று மணிக்கு, நீலக் கைத்தறிச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, அலுமினியத் தாளில் பன்னிரண்டு மீன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டு அக்கா படி இறங்கினாள். அத்தானும் நானும் பல்கனியில் நின்றோம். வீதியைக் கடந்தாள். படலையடியில் ஒரு கணம் நின்றாள். அவள் உதடு அசைவது மூன்றாம் மாடிக்குத் தெரியாது, ஆனால் என்ன சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கொண்டியைத் தூக்கினாள். உள்ளே போனாள். செடி மூடியது.

நாலு மணி. ஐந்து. அத்தான் ஒரு காரணமும் இல்லாமல் குசினி நிலத்தைத் துடைத்தார். ஆறு மணிக்குப் படியில் சப்பாத்துச் சத்தம்.

"என்ன, கதைச்சனீரோ?"

"எங்கை விட்டவ!" என்றாள் அக்கா வாசலில் நின்றபடி. "மூண்டு மணித்தியாலம்! நான் வாய் திறக்க முந்தி அவ திறந்திட்டா. செத்த நாய் மூண்டு, அதின்ரை பேர், அதின்ரை வருத்தம். இடுப்பு எலும்பு. ரோசா. மகன் வன்கூவரிலை, நத்தாருக்கு மட்டும் போன். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? யெஸ். ஓ டியர். இஸ் தட் ஸோ. உதுதான்! மூண்டு மணித்தியாலத்துக்கு உதுதான்! நான் என்னென்ன எல்லாம் யோசிச்சு வைச்சிருந்தனான்!"

"என்னென்ன?" என்றார் அத்தான்.

கேட்டிருக்கக்கூடாது, அல்லது, வாழ்நாளில் அவர் கேட்ட மிக நல்ல கேள்வி அது. அக்கா சப்பாத்தைக் கழற்றவில்லை. கதிரையை இழுத்து நடு அறையில் போட்டு, எங்கள் இருவரையும் முன்னால் இருத்தி, அந்த அம்மாவுக்கென்று கட்டி வைத்திருந்த முழுவதையும் ஆங்கிலத்திலேயே எங்களுக்குச் சொன்னாள். பாடசாலை விவாதப் போட்டியில் நடுவரோடு சண்டை பிடித்ததை. ஷார்ஜாவில் விமானம் மாறியபோது அத்தான் கழிவறைக்குப் போய் வழி தவறியதை. கொலர் தைக்கும் மெசினுக்கு அவள் வைத்திருக்கும் பட்டப்பெயரை. தொழிற்சாலையில் பக்கத்தில் இருக்கும் போர்த்துக்கீசப் பெண் பாடுகிற பாட்டை, சொல் தெரியாமல் அவளும் மனதுக்குள் பாடுவதை. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவில் கீழே ஒரு சாமான் வண்டி வந்து எங்கள் காரை மறித்து நின்றது. அக்கா கதையை நிறுத்தாமல் எழுந்து பல்கனிக்குப் போய், "மெஸ்யூ! பா இசி! லா வுவாத்யூர், லா!" என்று பிரெஞ்சில் கத்தினாள், இங்கே நிறுத்தாதே, கார் நிற்கிறது என்று. அவன் மேலே பார்த்து ஏதோ கத்தினான். அவள் அதைவிட உரத்துக் கத்தினாள். அதில் எத்தனை பிழை இருந்ததோ, அவள் ஒன்றையும் திருத்தவில்லை. வண்டி பின்னால் போனது. அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, விட்ட வசனத்தின் பாதியில் இருந்து தொடர்ந்தாள்.

அத்தானுக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி விளங்கியிருக்காது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு, முன்னுக்குச் சரிந்து, அக்கா மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, சரியாக, மரியாதையாகச் சொன்னார்:

"இஸ் தட் ஸோ?"

அக்கா இன்னும் வேகமாகச் சொல்லத் தொடங்கினாள்.